பங்களாவிலிருந்து போன கடிதம்

எழுபதுகளின் பிற்பாதியில் நாங்கள் மூன்று நண்பர்கள் ஓய்வெடுப்பதற்காக ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவுக்குப் போனோம். துரை சீமைக்குக் கப்பலேறி வெகுகாலமாகியிருந்தது. தோட்டம் துண்டு துண்டாக விலைபோய்க்கொண்டிருந்தது. பங்களாவை வாங்க ஆள் வரும்வரை அரசாங்க ஊழியர்கள் அங்கே தங்கலாம் என்று அனுமதித்தார்கள். விண்ணப்பம் மூன்று பிரதிகளில் போக வேண்டும். நிரப்பியவன் நான். ஈப்போ நில அலுவலகத்தில் எந்தத் தாள் எந்த மேசைக்குப் போகும் என்று அறிந்திருப்பதே என் உத்தியோகம்.

என்னோடு வந்தவர்களில் ஒருவன் என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன். இன்னொருவன் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் ஆண் தாதி. அங்கிருந்து மூன்று நாள் தப்பித்தால் போதும் என்று வந்தவன்.

மழை விடவில்லை. மெத்தைகளில் பூஞ்சை வாடை. வராந்தாவில் பிரம்பு நாற்காலிகளைப் போட்டு, வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இயற்கைக் காட்சி என்று அங்கே இருந்தது அதுதான்.

முதல் நாள் மாலையே பக்கத்து மேசைக்காரன் விஷயத்தைச் சொன்னான். அவன் பிறந்தது அதே தோட்டத்து லயத்தில். அவன் அப்பா இன்னமும் கீழே அந்த வரிசை வீட்டில்தான் இருந்தார், தனியாக, பால் வெட்டிக்கொண்டு. தோட்டத்து ஆட்கள் பங்களாவுக்கு வந்தால் பின்கதவோடு நின்றுவிட வேண்டும் என்பது வழக்கம்.

"முப்பது வருஷம் பால்மரம் வெட்டிட்டாரு, இந்த வீட்டுக்குள்ள காலு வச்சதில்ல. இந்த மேசையில அவர உக்கார வச்சி ஒரு வேள சோறு போடணும். அதுக்குத்தான் வந்தேன், மச்சான்."

இரண்டு முறை கீழே போய்க் கூப்பிட்டான். இரண்டு முறையும் அவர் "பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். மகன் பங்களாவில் சும்மா தங்கியிருக்கிறான் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. என்ன வேலையாக வந்திருக்கிறாய் என்றே திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

வாய்வார்த்தையாகக் கூப்பிட்டால் யார் வருவார், மரியாதையாக எழுத்தில் அழைக்க வேண்டும் என்றேன் நான்.

"அப்பனுக்கு லெட்டரா?" என்றான் தாதி. "ஒனக்கு எங்க வார்டுல ஒரு கட்டில் சொல்லி வைக்கிறேன் லா."

மேசை இழுப்பறையில் தோட்டத்தின் பெயர் அச்சிட்ட பழைய தாள்கள் கிடந்தன. ஞாயிறு நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தவறாமல் பங்களாவுக்கு வரவும் என்று எழுதினேன். விருந்து என்றால் கூச்சப்பட்டு நின்றுவிடுவார் என்று காரணத்தைக் குறிப்பிடவில்லை. மகன் அப்பனுக்குக் கையெழுத்திட்டு அனுப்புவது முறையல்ல என்பதால் என் கையெழுத்தும் அதன்கீழ் என் பதவியும் போட்டேன். பங்களாவின் காவல்காரர் அதைக் கொண்டுபோய் அவருக்குப் படித்துக் காட்டினார்.

ஞாயிறு காலையிலிருந்து மகன் கோழிக்கறி சமைத்தான். பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது பின்கதவில் அவன் அப்பா நின்றார். வெள்ளைச் சட்டை, நன்றாக வாரிய தலை. காலடியில் இரண்டு வாளிகள், அவற்றுள் துணியில் சுற்றிய பால்வெட்டுக் கத்திகள். கையில் சாவி.

"ஐயா, எல்லாம் இருக்கு. லயத்துச் சாவி இது. சரி பாத்துக்குங்க."

அந்த வருடம் பங்களாவிலிருந்து வேலைநீக்கக் கடிதம் பெற்றவர்கள் எல்லாரும் இப்படித்தான் வந்து சாமான்களை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார்கள் என்று காவல்காரர் பிறகு சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்கலாம்.

"அப்பா, சாப்பிடத்தான் கூப்புட்டோம்" என்றான் மகன்.

அவர் அவனைக் கனிவாகப் பார்த்தார். "நீ ஆபீஸ் வேலயா வந்திருக்க. சொன்னத செய்யிற. எனக்கு வருத்தமில்லப்பா."

உள்ளே வரச் சொன்னோம், வந்தார். உட்காருங்கள் என்று நான் சொன்னதும் உட்கார்ந்தார், நாற்காலியின் விளிம்பில், முதுகு சாயாமல். மகன் பரிமாறினான். போட்டதைச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்றால் தலையாட்டினார். கறி எப்படி என்று அவன் கேட்டதற்கு "நல்லாருக்குங்க" என்றார். சற்றுமுன் 'நீ' என்றவர் இப்போது மகனிடம் 'ங்க' போட்டுப் பேசினார். தட்டு காலியானதும் என் முகத்தைப் பார்த்தார்.

"எந்திரிக்கலாங்களா?"

அவன் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். யாராவது சொல்லியாக வேண்டும். எழுந்திருக்கலாம் என்று நான்தான் சொன்னேன். வெளிக் குழாயில் தட்டைத் தானே கழுவி வைத்தார்.

வாளிகளையும் சாவியையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னோம். தப்பாக எழுதிவிட்டேன் என்று நானே சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப நான் இன்னும் லயத்துல இருக்கலாம்னு எழுதிக் குடுங்க, ஐயா."

நில அலுவலகத்து எழுத்தருக்கு அதை எழுத அதிகாரம் கிடையாது. எழுதினாலும் செல்லாது. அதை அவரிடம் சொல்லவில்லை, ஆனால் பேனாவையும் எடுக்கவில்லை. அவர் சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு மேசை ஓரத்தில் சாவியை வைத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தார். மகன் சாவியைப் பொறுக்கிக்கொண்டு, இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான்.

ஒரு மணி நேரம் கழித்து வாளிகளோடும் சாவியோடும் திரும்பி வந்தான். அப்பா துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார், லகாட் ஊரில் இவனுடைய அக்கா வீட்டுக்குப் போகப் போகிறாராம்.

"ஒரே ஒரு வரி எழுதக் கூடாதா, மச்சான்?"

அப்படி எழுதக்கூடியவர் யார், அவருடைய அலுவலகம் எது, மனு எத்தனை பிரதிகளில் போக வேண்டும், பதில் வர எவ்வளவு நாளாகும் என்று அவனுக்கு விளக்கினேன். ஈரச் சட்டையோடு நின்று கடைசிவரை கேட்டான். நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.