அக்காளுக்காக நான் தேடாத மனோரஞ்சிதம்

பாறசாலையில் பிறந்து, தனுவச்சபுரத்தில் ஆசிரியையாக உழைத்து, சென்ற மாதம் நம்மை விட்டுப் பிரிந்த அக்காளைப் பற்றி எழுதும்படி அத்தான் கேட்டார்கள். புகழ்ந்து எழுதப் பலர் உண்டு. தம்பியாகிய நான் ஒரு கள்ளத்தை ஒப்புக்கொள்ளவே எழுதுகிறேன்.

அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது, அக்காளுக்குப் பதினான்கு. அன்று முதல் என்னைக் குளிப்பாட்டியதும் சோறூட்டியதும் அடித்ததும் அவர்களே. நான் ஆளாகும்வரை கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. மனோரஞ்சிதப் பூவைச் சேலைப் பெட்டியில் போட்டு வைப்பது அம்மாவின் பழக்கம். கிணற்றடியில் நின்ற அந்தச் செடி மறுவருடமே பட்டுப்போயிற்று. இன்னொரு செடி வேண்டும் என்பதைத் தவிர அக்காள் தமக்கென்று எதுவும் கேட்டதில்லை.

திருவிதாங்கூர்த் தமிழர்களின் எல்லைப் போராட்டம் மும்முரமாக இருந்த காலம். எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தே தீர வேண்டும் என்ற வெறி. அப்பாவுக்கோ சர்க்கார் உத்தியோகம். "நடைய விட்டு எறங்கினா கால முறிச்சுப் போடுவேன்" என்று வாசலிலேயே நாற்காலி போட்டுவிட்டார்கள். செடி தேட என்றால் மட்டும் விடுவார்கள். அம்மாவின் பூ அல்லவா!

"மக்கா, ஒற்றசேகரமங்கலத்துல ஒரு செடித்தோட்டம் உண்டு. சைக்கிள எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வா" என்பார்கள் அக்காள், அப்பா காதில் விழும்படி.

நான் போனதெல்லாம் கூட்டங்களுக்கு. சட்டைக்குள் நோட்டீஸ் இருக்கும். திரும்பி வந்து கூசாமல், "அங்கயும் இல்லக்கா" என்பேன். முகம் வாடினாலும், "கிட்டாததுக்கு நீ என்ன செய்வ? அடுத்த ஞாயிறு வேற எடத்துல பாரு" என்பார்கள். வெட்கங்கெட்ட நான் அடுத்த ஞாயிறும் கிளம்புவேன்.

எல்லை வரைந்தபோது எங்கள் ஊர் கேரளத்தில் நின்றுவிட்டது. நான் நாகர்கோவிலில் வேலை தேடிக் குடியேறினேன். திருமணத்துக்குப் பிறகு அக்காளும் அத்தானும் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார்கள். ஒருமுறை ஆசையோடு வாங்கி நட்டது, பூத்தபோது வேறு ஏதோ செடி. கடைசி நாட்களில் நினைவு தப்பிய வேளையிலும், "மனோரஞ்சித வாசம் வருதாடே?" என்று என்னிடம் கேட்டார்கள்.

பதினாறாம் நாளுக்கு முந்தைய நாள் மனம் கேட்காமல் ஒற்றசேகரமங்கலம் போனேன். அந்தத் தோட்டத்தில் நான் கால் வைத்தது அன்றுதான். வயதான தோட்டக்காரர் என் வீட்டை விசாரித்தார்.

"டீச்சருக்க தம்பியாக்கும்! போராட்ட நேரத்துல அவிய இஞ்ச வந்தாவளே. 'என் தம்பி செடி கேட்டு வந்தானா'ன்னாவ. அப்படியொரு ஆளு வரவே இல்லன்னேன். சிரிச்சாவ. அன்னு நல்லதொரு மனோரஞ்சிதம் நின்னுது, காட்டினேன்."

"வாங்கினாங்களா?"

"இல்ல. ரெம்ப நேரம் அதுக்க பக்கத்துலயே நின்னாவ. பொறவு, 'இப்ப வேண்டாம். இது வீட்டுக்கு வந்தா அவன அப்பா வெளிய விடமாட்டாரு'ன்னுட்டுப் போனாவ. எல்லாம் அடங்கின பொறவு ஒருக்க வந்தாவ. அதுக்குள்ள வித்துப் போச்சு."

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

அக்காளை இரவு பகல் பாராமல் கவனித்த அத்தானுக்கும், மருந்தும் கஞ்சியுமாக ஓடிவந்த அயல்வீட்டாருக்கும், தோள்கொடுத்துச் சுமந்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காளிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: "நான் செடி தேடவே போகலக்கா." அதைச் சொல்ல எனக்கு இருபது வருடம் இருந்தது.