அக்காவைச் சுமந்த பட்டாளத்துப் பை

தென்காசியில் குடியிருந்துகொண்டு, குற்றாலத்து அருவி ஒருமுறைகூடத் தலையில் விழாமல் ஒருத்தி வளர்ந்தாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். என் அக்கா அப்படித்தான் வளர்ந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு கால்களும் விளங்காமல் போய்விட்டன. சாரல் காலத்தில் பேரருவியில் பெண்கள் பக்கம் எள் போட்டால் எள் விழாது. அந்த நெரிசலுக்குள் அவளைத் தூக்கிப் போக அம்மாவுக்குப் பயம். ஓரத்தில் உட்காரவைத்துச் செம்பால் மொண்டு ஊற்றுவாள். "இதுக்கு வீட்டுக் கிணத்தடி போதாதா? அருவி ஒரு தடவையாச்சும் எந்தலையில விழணும்" என்பாள் அக்கா.

மலைமேல் செண்பகா அருவியில் அவ்வளவு கூட்டம் இருக்காது. அங்கே கொண்டுபோய்விட்டால் அம்மா பிடித்துக்கொள்ள, ஆற அமரக் குளிக்கலாம். ஆனால் காட்டுப்பாதையில் ஏற வேண்டும். டோலிக்கு ஆள் பிடிக்கலாம் என்றதற்கு, "நான் என்ன ஜமீன் வீட்டு ஆச்சியா?" என்று அக்கா முறைத்தாள். அப்போதுதான் எனக்குப் பை யோசனை வந்தது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் பட்டாளத்துச் சாமான்கள் கடைத்தெருவில் கிடைத்துக்கொண்டிருந்தன. இருந்ததிலேயே பெரிதாக இரண்டு முதுகுப்பைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எனக்குப் பிடித்தது பச்சை மங்காத புதுப்பை. அக்கா இரண்டிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வெளுத்த பையைக் காட்டினாள். "இதுல வார் அகலம். அது ஒந்தோள அறுத்துப்போடும்லே" என்றாள். அவள் சொன்ன பைக்கே அடியில் பலகை போட்டு, கால்களுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, ஓரத்துக்குத் தோல் வைத்துத் தைத்து வாங்கினேன்.

வாரைச் சரிசெய்வதுதான் பெரும்பாடாக இருந்தது. முன்பு அதைச் சுமந்தவன் ஆறடி ஆளாக இருந்திருக்க வேண்டும். என் முதுகில் பை இடுப்புக்குக் கீழே தொங்கி, என்னைப் பின்னுக்கு இழுத்தது. வாரைக் குறுக்கிக் குறுக்கி, சுமை மேலே ஏறிய பிறகுதான் நிமிர்ந்து நடக்க முடிந்தது. அக்காவை என் முதுகைப் பார்த்த மாதிரி உட்காரவைக்க நினைத்திருந்தேன். அம்மா விடவில்லை. "வயசுக்கு வந்த பிள்ள. தம்பியானாலும் நெஞ்சு முதுகுல படலாமா? அந்தப் பக்கமாத் திருப்பி உக்கார வை" என்றாள். அப்படி வைத்தால் பாரம் பின்னால் சாயும் என்று எவ்வளவோ சொன்னேன். எனக்கு எரிச்சல்தான் மிச்சம். முதுகோடு முதுகாகவே கட்டினேன்.

புறப்பட்ட அன்று ஒரு கூத்து நடந்தது. குற்றாலம் வந்துவிட்டு எண்ணெய் தேய்க்காமல் எப்படி என்று, ஏறுவதற்கு முன் உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டேன். முதல் மேட்டிலேயே வார்கள் தோளில் வழுக்கி, அக்கா ஒருபக்கமாகச் சரிந்தாள். இறக்கிவைத்து, சீயக்காய் போட்டுக் கழுவி, துண்டை மடித்து வாருக்கு அடியில் கொடுத்து மறுபடி ஏறினோம். அம்மா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். அக்காவோ, "மரமெல்லாம் நீ தாண்டுன பொறவுதாம்லே எனக்குத் தெரியுது" என்று சிரித்தாள்.

மேலே போனால் பாறை பாசி பிடித்துக் கிடந்தது. தண்ணீரில் கால் வைத்ததுமே அம்மா வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். குளித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கைகொடுத்து எழுப்பினார்கள். அக்காவைப் பிடித்துக்கொண்டு அம்மாவால் அங்கே நிற்க முடியாது என்பது தெரிந்துபோயிற்று. பெண்கள் குளிக்கிற இடத்துக்கு நான் போகவும் முடியாது. "திரும்பிருவோம்" என்றாள் அம்மா. நான் பையை இறக்காமல் நின்றேன்.

அந்தப் பெண்களில் மூத்தவள் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தம்பி இங்கன திரும்ப வேண்டாம். அப்படியே பின்னால நடந்து வரட்டும். நாங்க பிடிச்சுக்கிடுதோம்" என்றாள்.

காட்டைப் பார்த்துக்கொண்டே ஒவ்வோர் எட்டாகப் பின்னால் வைத்தேன். பையைப் பிடித்திருந்த அவர்கள் கைதான் எனக்கு வழி காட்டியது. சட்டென்று முதுகுக்குப் பின்னால் தண்ணீர் இடித்தது. அக்காவின் உடம்பு அதிர்வது எனக்குள்ளும் தெரிந்தது. பை நனைந்து பாரம் கூடிக்கொண்டே போக, என் கால்கள் நடுங்க ஆரம்பித்தன. சற்றுப் பொறுத்து, "போதுமாக்கா?" என்று கேட்டேன்.

"சும்மா நில்லுலே. இப்பதான வந்திருக்கேன்" என்றாள்.