சாளைகளைச் சாகாமல் வைத்த தொட்டி

புதுக்கடைச் சந்தையில் மீன் விற்கிறவள் நான். செத்த மீனை நம்பித்தான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவள் நாலு சாளை சாகக்கூடாதே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன் என்றால், சந்தையில் ஒருத்தியும் நம்பமாட்டாள். எல்லாம் என் வீட்டுக்காரரால் வந்தது.

அவர் ஆழ்கடல் லாஞ்சில் தங்கல் போகிறவர். போனால் மாதம் கழித்துத்தான் கரை. நடுவில் கொஞ்ச காலம் கல்ஃபிலும் கடலில்தான் கிடந்தார். கல்யாண ஆல்பத்தில் அந்த முகத்தைப் பார்த்த அளவுக்கு நான் நேரில் பார்த்ததில்லை. போன வருஷம் பழைய ஃபைபர் வள்ளம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். இனித் தூண்டில்தானாம். விடிய முன்னே போனால் சாயங்காலம் வீடு. உயிரோடு உள்ள இரை மட்டும் வேண்டும், பெரிய நெய்மீன் செத்த இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்று விளக்கமாகச் சொன்னார். நெய்மீன் எனக்கு எதற்கு? சாயங்காலம் என்று சொன்னாரே, அது ஒன்றுதான் என் காதில் ஏறியது.

இரையை உயிரோடு வைக்கத் தொட்டி வேண்டும். முதலில் பழைய ஐஸ் பெட்டியைப் பார்த்தோம். சதுரப் பெட்டியில் இரைச் சாளை மூலைக்குப் போய் முட்டிக்கொண்டே நிற்குமாம், யூடியூபில் பார்த்தாராம். அதனால் உருண்டையான நீல டிரம் ஒன்றை வாங்கி, மேல்பகுதியை அறுத்து, வள்ளத்தின் நடுவில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். பாட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று கடல் தண்ணீரை உள்ளே தள்ளும். மிஞ்சுகிற வெள்ளம் விளிம்புக்குக் கீழே போட்ட ஓட்டை வழியாக வெளியே போகும். அந்த ஓட்டைக்கு வலைத்துண்டு தைத்துக் கொடுத்தது நான். சாளையைக் கையால் தொட்டால் செதில் உதிர்ந்துவிடும், வாளியில் வெள்ளத்தோடுதான் அள்ள வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தார். கேட்டுக்கொண்டேன். மனுஷன் வீட்டில் இருந்து பேசுகிறதே அபூர்வம்.

முதல் நாள் வெளியே போய் வலைபோட்டுச் சாளை பிடித்தார். ஐஸும் டீசலும் ஏற்றத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தார். ஏற்றி முடிப்பதற்குள் எல்லாம் மல்லாந்துவிட்டன. பம்பை மாற்றினார். மறுபடியும் மல்லாந்தன. பம்பின் ஓஸ் குழாயை மாற்றினார், அப்போதும் அதேதான். மீனுக்குச் சீமந்தம் எப்போ என்று துறையில் ஒவ்வொருத்தனும் கேட்க ஆரம்பித்தான். அவர் சிரிக்கவில்லை. லாஞ்சு முதலாளி போன் பண்ணி, அடுத்த தங்கலுக்கு வாறியா என்று கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை பூசை கழிந்து சொல்கிறேன் என்றார். அலமாரி மேலிருந்த தங்கல் பையை அன்றைக்கே இறக்கித் தூசி தட்டி வைத்தார். நான் அதைத் திரும்ப மேலே வைத்தேன்.

சனிக்கிழமை வழக்கம்போல மீன் ஏலம் எடுக்கத் துறைமுகம் போனேன். அவருடைய வள்ளம் கரையோரம் நின்றது. சாளை பிடித்து வந்து ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தால், பாதி மீன் அதற்குள் சாய்ந்து நீந்துகிறது. என்ன எளவு இது என்று ஒன்றைப் பிடித்துத் தூக்கினேன். அது துள்ளி என் முகத்தில் வெள்ளம் தெறித்தது. உதட்டை நக்கினேன். உப்பே இல்லை.

மலையில் அந்த மாதம் முழுக்க மழை. துறைமுகம் இருப்பதோ ஆற்றுவாயில். கலங்கி வந்த ஆற்றுவெள்ளம் மேலாக மிதந்து நிற்கிறது, பம்ப் அதை இழுத்து இழுத்துக் கடல் மீனுக்குக் கொடுக்கிறது. இத்தனை கடல் பார்த்தவருக்குக் கண் முழுக்க பம்பின் மேல். கையை முக்கி வாயில் வைத்துப் பார்த்தவர், தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஐஸும் டீசலும் மொதல்லயே ஏத்திருங்க," என்றேன். "வெளிய போய்ச் சாளை புடிச்சா, பொறவு உள்ள வரப்பிடாது."

ஞாயிற்றுக்கிழமை லாஞ்சு முதலாளிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்று கேட்டேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் பூசைக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் சமைத்தேன்.

திங்கள் விடிய முன்னே போனார். நான் சந்தையை வெள்ளெனவே முடித்துக்கொண்டு வந்து, மரச்சீனிக் கிழங்கு அவித்து, நெத்திலிக் கறி வைத்து, குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்கிற நேரம் கடலிலிருந்து போன் வந்தது. குரலிலேயே தெரிந்தது, சரியான மீன்.

"ரெண்டு பெரிய நெய்மீனு பிள்ளே. சாளை ஒண்ணுகூடச் சாகல. பாதி இன்னும் நீந்திக்கிட்டுக் கெடக்கு. உள்ள கொண்டு வந்தா செத்துப் போவும்லா. நாளைக்கும் நின்னு பாத்துட்டு வாறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீதானே சொன்ன, உள்ள வரப்பிடாதுன்னு," என்றார்.

சரி, பாத்து நில்லுங்க என்று சொல்லிப் போனை வைத்தேன். மரச்சீனியை மூடி வைத்தேன். அந்தச் சாளைகளின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. எல்லாம் செத்துத் தொலையட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.