டுவேன் ஹ்ருஸ்காவுக்கு விழுந்த ஓநாய்

அமெரிக்காவின் ரீனோ நகரத்தில் முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் டுவேன் ஹ்ருஸ்கா. அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஓய்வு பெற்றபின் பிடித்த பைத்தியம், சூதாட்ட மெஷின்களில் பரிசாக விழும் வெள்ளி வில்லைகள். அவை அடைபட்டு வரும் பிளாஸ்டிக் சிமிழைத் திறக்காமல் அப்படியே வீட்டில் அடுக்குவார். அவரைப் போல நாற்பது பேர் சேர்ந்து ஒரு சங்கமே வைத்திருந்தார்கள். மிருக உருவம் பொறித்த ஏழு வில்லை வரிசையில் அவரிடம் ஆறு இருந்தன. ஓநாய் மட்டும் மூன்று வருஷமாகப் போக்குக் காட்டியது. காசு கொடுத்து வாங்கலாம்தான். ஆனால் சங்கத்தில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். தானே ஆடி விழவைக்க வேண்டும்.

அதே சங்கத்து லோர்னாவுக்கும் ஓநாய்தான் பாக்கி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒரே மெஷினில் ஆடிவிட்டு எழுந்தாள். நாற்காலியை மெஷின்மேல் சாய்த்து வைத்தாள். அப்படிச் சாய்த்ததை அங்கே எவரும் தொடுவதில்லை.

"டுவேன், எம் புருஷன் வால்ட்டு காருல உக்காந்திருக்கான். மாத்திரை குடுத்துட்டு ஓடி வந்துடறேன். என் எடத்தப் பாத்துக்கோ. உன்ன விட்டா யார நம்பறது?"

ஐந்து நிமிஷம் காவல் நின்றார். கை சும்மா இருந்தால்தானே! நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து மூன்று டாலர் போட்டார். டொக்கென்று சிமிழ் விழுந்தது. ஓநாய்!

அட மனுஷா, அதை அங்கேயே வைத்துவிட்டு எழுந்திருக்கக் கூடாதா? சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியைப் பழையபடி சாய்த்தும் வைத்தார்.

"என்னப்பா, மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்கு?" என்றாள் திரும்பி வந்த லோர்னா.

"ஓநாய் விழுந்துடுச்சு. பக்கத்து மெஷின்ல."

பக்கத்து மெஷினை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரைக் கட்டிக்கொண்டாள். "யோகக்காரன்யா நீ!" உட்கார்ந்து கையிலிருந்த நாற்பது டாலரையும் தன் பழைய மெஷினிலேயே போட்டுத் தீர்த்தாள். டுவேன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சங்கத்தார் காலைச் சாப்பாட்டுக்குக் கூடியபோது அவளே எழுந்து பேசினாள். "நம்ம டுவேன் நேர்மைக்குக் கெடச்சது இது!" எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

மூன்று வாரம் வில்லைப் பெட்டி பக்கமே போக முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் ஒரு மத்தியானம் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, நடந்ததைச் சொல்லி, சிமிழை நீட்டினார்.

"தெரியும்பா," என்றாள் லோர்னா. "பக்கத்து மெஷின் அன்னைக்குக் காலையிலேருந்தே ரிப்பேர். வெளக்குகூட எரியல."

"அப்புறம் ஏன் எல்லார் முன்னாடியும் அப்படிப் புகழ்ந்த?"

"நீ கூசிப் போயி அங்கேயே உண்மையச் சொல்லிடுவன்னு நெனச்சேன். நீ ரெண்டு முட்டையையும் தின்னு முடிச்சுட்டு, இன்னும் கொஞ்சம் காபி கேட்ட."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் வாங்கவில்லை.