பவுக்யாவின் ஒன்பதாம் எண் கோல்

பவுக்யாவுக்கு அறுபது நிறைந்த அன்று அவள் தம்பி வீப்ரென் கதவில் இடிக்கும் அளவு நீளமான ஒரு பரிசோடு வந்தான். நெதர்லாந்தின் இந்த ஃப்ரீஸ்லாந்தில் பிறந்தநாள் என்றால் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளே வருகிறவர் பிறந்தநாள்காரரோடு நிறுத்த முடியாது. தம்பிக்கு அக்கா பிறந்தநாள் வாழ்த்து, பக்கத்து வீட்டுக்காரிக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் பிறந்தநாள் வாழ்த்து என்று வட்டம் முழுக்கக் கைகுலுக்க வேண்டும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி நான். இத்தனை வருடம் இங்கே வாழ்ந்தும், யாரையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் யாராவது ஒருவருக்கு இரண்டு தடவை கைகொடுத்துவிடுவேன்.

நீல ரிப்பனை அவிழ்த்துப் பரிசைப் பிரித்தால் தூண்டில் கோல்.

"ஆறாம் நம்பர்க்கா. கையில இருக்கறதே தெரியாது, அவ்ளோ லேசு," என்றான் வீப்ரென். "ஆபரேஷன் பண்ணின தோள் பாரு. இனிமே கரையில உக்காந்து சின்ன மீனாப் புடி. ஸ்னூக்கை எங்ககிட்ட விட்டுடு."

"அப்ப அக்டோபர்ல படகுல என் இடம்?"

"அதை மச்சான் யெப்பாவுக்குக் குடுத்துட்டேன். நீ பட்டாணி சூப் வெச்சு எடுத்துட்டு வா. உன் சூப் இல்லாம ஸ்னூக் நாளா?"

வட்டம் சிரித்தது. பவுக்யா கேக் தட்டை எடுத்து நீட்டினாள். "எடுத்துக்கோங்க. ஆளுக்கு ஒரு துண்டுதான்."

ஸ்னூக் என்பது இந்த ஏரிகளின் புலி. வாத்து அலகு மாதிரி நீண்ட வாய், வாய் நிறைய ஊசிப்பல். அதை ஈத்தூண்டிலால் பிடித்து, உயிரோடு திரும்ப ஏரியிலேயே விடுவதில் இந்த ஊருக்குத் தனி வெறி. பெயர்தான் ஈ. முயல்தோல் கீற்றும் பசுவின் வால் ரோமமும் வைத்துக் கட்டிய, கை நீளத்துக்கு ஒரு பொம்மை அது. அக்டோபரில் மீன்பிடிச் சங்கம் நடத்தும் ஸ்னூக் நாளில் வீப்ரென் படகின் முன்பலகை எப்போதும் பவுக்யாவுக்கு. ஒரு வருடம் அந்தப் பலகையை விட்டுக்கொடுத்தால் மறுவருடம் வாயேன் என்று யாரும் கூப்பிடக்கூட மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், வட்டத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் காலையிலேயே என் கதவைத் தட்டினாள். கையில் மஞ்சள் வாளி. "காரை எடு பொண்ணு. ஹார்மென் கடைக்குப் போறோம்."

தூண்டில் கடையில் ஆண்கள் கோல் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கையில் எடுத்து, கூரையைப் பார்த்து இரண்டு ஆட்டு ஆட்டி, அனுபவஸ்தர் மாதிரி தலையசைத்து வாங்கிப் போவார்கள். நூலும் கிடையாது, ஈயும் கிடையாது. ஹார்மென் கடைக் கூரையெல்லாம் கோல் நுனி கீறிய தடங்கள். கையில் லேசாக இருந்தால் தோளுக்கும் லேசு என்று வீப்ரென் முடிவு செய்ததும் இப்படி ஆட்டிப் பார்த்துத்தான்.

பவுக்யா வாளியைக் கல்லாவில் வைத்தாள்.

"இது கடைம்மா, மாட்டுத்தொழுவம் இல்ல," என்றான் ஹார்மென்.

"தண்ணி இல்லாம ஸ்னூக் கோல் பாக்கறது செருப்பைக் கையில மாட்டிப் பாக்கற மாதிரி. பின்கதவைத் தொற."

கடைக்குப் பின்னால் கால்வாய்க்கரை. பரிசுக் கோலில் நூல் கோத்து, தான் கட்டிய ஈயை முடிந்து, வாளியில் முக்கி எடுத்தாள். ஈரக் காலுறை மாதிரி அது கனத்துத் தொங்கியது. வீசியபோது ஆறாம் எண் கோல் வளைந்ததே தவிர, ஈ மேலே எழவில்லை. இழுத்து ஒரு உலுக்கு உலுக்கினாள், முகம் சுண்டியது. ஈ போய் ஹார்மெனின் பூந்தொட்டியில் விழுந்தது.

"பாத்தியா? கோல் தூக்கலைன்னா தோள்தான் தூக்கணும். இதாம் லேசு!"

எண் கூடக் கூடக் கோலின் பலமும் கூடும். பத்தாம் எண்ணைக் கொடுத்தான் ஹார்மென். "விளக்குமாத்துக் கட்டை," என்று திருப்பிக் கொடுத்தாள். "இதை வளைக்கணும்னா நுனியில என் தம்பியத்தான் கட்டித் தொங்கவிடணும்." அடுத்து, எல்லாரும் வாங்குவதாகச் சொல்லி விறைப்பான ஓர் ஒன்பது. ஈயை அது சுமந்தது. ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டச் சொன்னது. உதட்டைக் கடித்துக்கொண்டு அதையும் கீழே வைத்தாள்.

"மூலையில பச்சையா நிக்குதே, அது என்ன?"

"அதுவும் ஒம்போதுதான். மந்தக் கோல் பவுக்யா. பிடிவரைக்கும் வளையும். ரொம்ப நாளா நிக்குது, ஒருத்தரும் தொடல."

"என்னையும்தான் ஒருத்தரும் தொடல. எடு."

முழங்கையை இடுப்பை விட்டு மேலே எடுக்கவில்லை அவள். கோலைப் பக்கவாட்டில், தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்த்தி, அவசரமில்லாமல் பின்னால் விட்டாள். கோல் முழுக்க வளையும்வரை பொறுத்தாள். பிறகு முன்னால் விட்டாள். ஈ கால்வாயை உரசியபடி போய் எதிர்க்கரை நாணலோரம் விழுந்தது.

இந்த வீச்சை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று எனக்குப் பட்டது. பவுக்யா எங்கள் ஊர்ப் பாலத்தைத் திறந்து மூடுகிறவள். படகு வந்தால் பாலத்தைத் தூக்குவாள். படகு கடந்து போகும்போது, கழியில் கயிறு கட்டித் தொங்கும் மரச்செருப்பை ஆட்டி நீட்டுவாள். படகுக்காரர் சுங்கத்தை அதில் போடுவார். ஓடும் படகு, அடிக்கும் காற்று. செருப்பு அவர் கைக்குப் போக வேண்டும், மூக்குக்குப் போகக் கூடாது.

"ஏப்ரல்ல ஆபரேஷன் ஆனதுலேருந்து செருப்பை இப்படிக் கீழாலதான் ஆட்டறேன்," என்றாள். "கை மேல போகலையே. வர்றவன் போறவன் எல்லாம் செருப்பைப் பாத்தான். கையை ஒருத்தனும் பாக்கல."

அத்தோடு விடவில்லை. நூல் முனையை என் கையில் கொடுத்தாள். "நீதான் மீன். ஓடு."

கால்வாய்க்கரையில் தடுப்பு கிடையாது. சைக்கிள்காரர்கள் மணியடித்துத் திட்டினார்கள். தண்ணீரை ஒரு கண்ணாலும் சைக்கிளை ஒரு கண்ணாலும் பார்த்தபடி ஓடினேன்.

"வேகமா! நீ ஸ்னூக், கெண்டைக்குஞ்சு இல்ல!"

கோலின் அடியிலிருந்த குமிழை வயிற்றில் ஊன்றி என்னைத் திருப்பி இழுத்தாள். நான் நடந்தே வந்தேன் என்று சொல்ல ஆசைதான்.

"பெரிய மீனைச் சின்னக் கோல்ல மாட்டி ரொம்ப நேரம் அலைக்கழிச்சா, விட்டப்பறம் செத்து மெதக்கும். சீக்கிரம் இழுக்கணும், சீக்கிரம் விடணும். இது போதும் ஹார்மென்."

"அந்த ஆறாம் நம்பரைத் திரும்ப எடுத்துக்கட்டுமா?"

"வேணாம். அது எனக்கு வேணும்."

சேதி வீப்ரெனுக்குப் போய்ச் சேர அன்றைய சாயங்காலமே போதுமானதாக இருந்தது. பாலத்துக்கே வந்துவிட்டான். "பக்கவாட்டுல வீசறியாமே? எவன் காதுல கொக்கி மாட்டும்? என் படகுல அது நடக்காது."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பவுக்யா அதை மறுக்கவில்லை. "உன் படகை யாரு கேட்டா? நான் தட்டைப்படகு எடுக்கறேன். துடுப்புக்கு ஆள் இருக்கு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் மாட்டேன் என்ற சொல் அப்போது வாய்க்கு வரவில்லை.

ஸ்னூக் நாளன்று பனிச்சறுக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டித் துடுப்புப் பலகையில் உட்கார்ந்தேன். மீன்பிடி உரிம அட்டை பையில் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தென்மேற்கிலிருந்து காற்று ஏரியைப் புரட்டிக்கொண்டிருந்தது.

"பவுக்யா, சூப் எங்க?" என்று பக்கத்தில் வந்த வீப்ரென் படகிலிருந்து யெப்பா கத்தினான்.

"ஏரியில! மொண்டு குடி!"

மற்றவர்கள் தலைக்கு மேல் உயரத் தூக்கி வீசினார்கள். காற்று நூலை அவர்கள் முகத்திலேயே திருப்பி அடித்தது. வீப்ரெனின் ஈ யெப்பாவின் தொப்பியைக் கவ்விக்கொண்டு போய் ஏரியில் போட்டது. பவுக்யாவின் நூல் காற்றுக்கு அடியில் நுழைந்து போனது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வீசுவாள், கையை மடியில் வைத்து ஓய்வெடுப்பாள், மறுபடி வீசுவாள். பக்கத்துப் படகில் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

நாணல் விளிம்பில் ஈக்குப் பின்னால் தண்ணீர் திடீரென்று புடைத்தது. கோல் பிடிவரை வளைந்தது. படகே திரும்பியது. "துடுப்பை உள்ள எடு, உள்ள எடு!" என்றாள், எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து திரும்பியபோது குமிழ் அவள் வயிற்றில் ஊன்றியிருந்தது, சட்டைக் கையைப் பல்லில் கடித்திருந்தாள், படகோரம் என் கால் நீளத்துக்கு ஒரு ஸ்னூக் வாயைத் திறந்து எங்களை முறைத்தது. நீண்ட குறடால் கொக்கியை எடுத்து, வாலைப் பிடித்துத் தண்ணீரிலேயே நிறுத்திவைத்தாள். மீன் ஒருமுறை உதறி, நேராக ஆழத்துக்குப் போனது.

கோலைப் படகில் கிடத்தினாள். தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"வலிக்காம? இன்னைக்கு இதோட போதும்னு தோள் சொல்லுது. தோள் சொன்னா கேப்பேன். வீப்ரென் சொன்னாக் கேக்க மாட்டேன்."

வீப்ரென் படகை ஒட்டி வந்தான். மீன் போன இடத்தைப் பார்த்தான், பச்சைக் கோலைப் பார்த்தான். "குடேன்க்கா. ஒரே ஒரு வீச்சு."

"உன் பொறந்தநாள் எப்ப?"

"என்ன கேள்வி? மார்ச்சுல."

"அதுவரைக்கும் பொறு."

மார்ச்சில் அவன் கூடத்தில் நாற்காலிகள் வட்டமாக இருந்தன. நான் எல்லாருக்கும் கைகொடுத்து முடித்தபோது பவுக்யா உள்ளே வந்தாள். கதவில் இடிக்கும் நீளத்தில் பொட்டலம், அதே நீல ரிப்பன். வீப்ரென் ஆசையாகப் பிரித்தான். ஆறாம் எண் கோல்.

"லேசா இருக்கும்," என்றாள். "உனக்கும் முட்டி வலிக்குதுன்னு கேள்விப்பட்டேன். கரையில உக்காந்து சின்ன மீனாப் புடி."

வட்டம் அவன் முகத்தையே பார்த்தது. அவன் கோலைக் கூரைக்கு ஒருமுறை ஆட்டப் போனான், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அக்டோபர்ல?" என்றான் மெதுவாக.

"என் தட்டைப்படகுல நான் முன்பலகை. நீ வேணும்னா துடுப்புப் போடு. ஹெல்மெட் இவகிட்ட இருக்கு, கேட்டு வாங்கிக்கோ."