மாமி பார்த்த கடைசி ரீல்

நீல நிற சோப்பு டப்பா ஒன்று. மூடியில் துளை போட்டு ஒரு சுவிட்ச் வைத்திருந்தேன். பின்பக்கம் இரண்டு வீடியோ டெக்கிலிருந்து வயர்கள் உள்ளே நுழையும். முன்பக்கம் ஒரே வயராக டிவிக்குப் போகும். சுவிட்சை இடப்பக்கம் தள்ளினால் கதாநாயகன் பிழைத்துக்கொள்வான். வலப்பக்கம் தள்ளினால் செத்துப்போவான். தொண்ணூறுகளின் கடைசியில், மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்காக நான் செய்துகொடுத்தது. எத்தனையோ டிவியைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். யாரும் கேட்காமல், நானாக யோசித்துச் செய்தது அது ஒன்றுதான்.

நான் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் கெட்டுப்போன ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டு, பிறகு மந்தைவெளிப் பக்கம் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை போட்டேன். அந்த வீட்டு டெக்கைச் சுத்தம் செய்யப் போகப் போகப் பழக்கமாகிவிட்டது. புரொபசர் மாமா கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாமி கணக்கு டீச்சராக இருந்தவர்; வீட்டில் பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் பேச்சைக் கேட்பதற்காகவே நான் ஸ்குருவை மெதுவாகத் திருகுவேன். "நான் சரித்திரம் படிச்சவன்ப்பா. ஆதாரம் இல்லாம தும்மக்கூட மாட்டேன்" என்பார் மாமா. "ஆதாரமெல்லாம் என்கிட்ட மட்டுந்தான் கேப்பார். கறிகாய்க்காரன்கிட்ட வாயே திறக்காது" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

இருவருக்கும் ஒரு பழைய வழக்கு இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், ஒருவரை ஒருவர் தெரியாத காலத்தில், இருவரும் ஒரே கறுப்பு வெள்ளைப் படத்தைத் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள். மாமி படம் வந்த மறுநாளே, மூன்று கல்லூரித் தோழிகளோடு; அன்று பெய்த மழையைப் பற்றியே நூறு தடவை சொல்லுவார். மாமா மூன்றாவது வாரம். கடைசியில் கதாநாயகன் செத்துவிடுவான் என்பது மாமியின் கட்சி. இல்லை, கண் திறந்து சிரிப்பான் என்பது மாமாவின் கட்சி. "ஒரு படத்துக்கு ரெண்டு முடிவு இருக்குமாடி? இதென்ன வைத்தியமா, இன்னொரு டாக்டர்கிட்டப் போய்க் கேக்கறதுக்கு?" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் மாமா வாடகைக்கு அந்தப் படத்தின் கேசட்டை எடுத்துவந்து போட்டுக் காட்டிவிட்டார். கதாநாயகன் கண் திறந்து சிரித்தான். அன்றிலிருந்து, மாமி சாவியை மறந்தாலும் சரி, பாலைப் பொங்கவிட்டாலும் சரி, "சினிமா முடிவையே மாத்திச் சொன்னவதானே நீ" என்பது மாமாவின் வாயில் ஏறிவிட்டது. விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் மாமி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதத்திலிருந்து டியூஷனை நிறுத்தப் போவதாக என்னிடம்தான் முதலில் சொன்னார்.

"எனக்கு நன்னா ஞாபகம் இருக்குப்பா. வெள்ளைத் துணியை மூஞ்சி வரைக்கும் இழுத்து விடறா. அதுவே பொய்யின்னா, நான் வேற எதைத்தான் நம்பறது? குழந்தைகளுக்குத் தப்பா ஒரு கணக்கைச் சொல்லிக் குடுத்துட்டேன்னா?"

அந்தக் கேள்வி எனக்குள் புகுந்து குடைந்தது. வேலையைப் பார்த்துக்கொண்டே, வருகிறவர் போகிறவரையெல்லாம் விசாரித்தேன். கடைசியில் கேசட் வியாபாரம் செய்யும் என் பழைய கூட்டாளி ஒருவன்தான் வழி சொன்னான். "இன்னா நைனா, இதுகூடத் தெரியாம தொழில் பண்ணிக்கினு கீற? படம் ரிலீசான வாரமே படப்பொட்டி சிங்கப்பூருக்குப் பூடும். இங்க ஜனம் கூவி முடிவை மாத்திட்டாங்கன்னு வெச்சிக்கோ, கப்பல் ஏறுன பொட்டி திரும்பியா வரும்? பழைய முடிவு அங்கயே ஓடிக்கினு கெடக்கும்." சொன்னதோடு நிற்காமல், மூன்று வாரத்தில் சிங்கப்பூர் கேசட் ஒன்றையும் கொண்டுவந்து போட்டான்.

கடையில் இரண்டு டெக், இரண்டு டிவி வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். ஒரு டெக்கின் கவுண்டர் மணிக்கணக்கைக் காட்டும்; இன்னொன்று வெறும் எண்ணைக் காட்டும்; இரண்டும் ஒத்துவராது. நிறுத்தி வைத்தால் ஐந்து நிமிடத்தில் டெக் தானாக அணைந்துவிடும். கடைசியில் காதைத்தான் நம்பினேன். டாக்டர் பேசும் வசனம் இரண்டு டிவியிலும் முன்பின்னாக எதிரொலிக்கும். எதிரொலி மறைந்து ஒரே குரலாகிவிட்டால் இரண்டும் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் கதாநாயகி செருப்பு நழுவ ஓடிவருவது வரை இரண்டும் ஒன்றுதான். அதற்கப்புறம் பார்த்தால் வேடிக்கை! பிழைக்கும் முடிவில் டாக்டருக்கு வேறு மூக்குக்கண்ணாடி. சாகக் கிடந்தவனுக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை. அவசரமாக மறுபடி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பூ ஜாடிகூட இடம் மாறியிருந்தது. மாமியின் ஞாபகத்தில் வந்த துணி, சிங்கப்பூர் கேசட்டில் மடிப்புக்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு டெக்கையும் அவர்கள் கூடத்தில் வைத்தேன். விஷயத்தைச் சொல்லவில்லை. கதாநாயகி படியேறியதும் வலப்பக்கம் தள்ளினேன். படம் இரண்டு நொடி உருண்டது, புள்ளி புள்ளியாக இரைந்தது, நின்றது. ஒரு கை வெள்ளைத் துணியை மேலே இழுத்தது. மாமி எழுந்து நின்றுவிட்டார். மாமா மறுபடி போடச் சொன்னார். இடம், வலம், இடம், வலம் என்று மூன்று தடவை ஓட்டினோம். புள்ளிகள் இரையும்போதெல்லாம் "இப்போ அவன் எங்கே இருக்கான்ப்பா? இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை" என்று மாமி குழந்தை மாதிரி சிரித்தார்.

நான் சிங்கப்பூர்ப் பெட்டியின் கதையைச் சொல்லி முடித்ததும் மாமா எழுந்துபோய் டிவியை அணைத்தார். பிறகு, "மூணாவது வாரம் போனது என் தப்பு" என்றார். அவ்வளவுதான். டியூஷன் நிற்கவில்லை, அதற்குப் பிறகும் ஐந்தாறு வருடம் பெண்கள் நோட்டுப் புத்தகத்தோடு அந்தப் படியேறினார்கள்.

இன்று இரண்டு முடிவையும் ஒரு போனில் அடுத்தடுத்துப் பார்த்துவிடலாம். எந்த முடிவு யாருடையது என்று கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும். நான் கடைசியாக அந்த வீட்டுக்குப் போனபோது மாமிக்கு மறதி நிஜமாகவே வந்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. டிவியில் அந்தப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி படிக்கட்டில் ஓடிவரும்போது மாமி தீர்மானமாகச் சொன்னார்: "இவன் பிழைச்சுப்பான்."

முப்பது வருடம் மாமா கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மாமியின் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"இல்லடி. செத்துப்போயிடுவான். நீ உன் கண்ணால பார்த்திருக்கே. அன்னிக்கு நல்ல மழை. நாலு பேரும் ஒரே குடையில போனேள். டிக்கெட் கிழிக்கறவன் உங்களைப் பார்த்துச் சிரிச்சான்…"

மாமி கண்ணை அகல விரித்தார். "அப்புறம்?"