அம்மா துடைத்த கண்ணாடி

"கண்ணாடில கரி போவவே மாட்டேங்குதுடி" என்று அம்மா காலையிலிருந்து ஏழெட்டு முறை சொல்லிவிட்டாள். மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைப்பதும், போட்டுப் பார்ப்பதும், கழற்றுவதுமாக இருக்கிறாள். புள்ளிகள் கண்ணாடியில் இல்லை, விழித்திரையில். இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று போன வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

நெய்வேலியில் குடித்தனம் நடத்திய யாரும் கரும்புள்ளியைக் கண்டால் சும்மா இருக்க மாட்டார்கள். முன்பு அப்பா மைன்ஸில் இருந்தார், இப்போது தம்பி. குவார்ட்டர்ஸ் மாறியது, பிளாக் மாறியது. ஜன்னல் கம்பியிலும் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையிலும் படிகிற கரித்தூள் மட்டும் அப்படியேதான். கையில் ஈரத்துணி இல்லாத அம்மாவை நான் பார்த்ததே இல்லை.

என் முதல் வேலையும் கரும்புள்ளிதான், கேட்டுக்கொள்ளுங்கள். மலைமேல் ஒரு வானாய்வுக்கூடம். தொலைநோக்கி வழியே வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்து வைத்திருப்பார்கள். நெகட்டிவ் என்பதால் வானம் வெளுத்தும் நட்சத்திரங்கள் கறுத்தும் தெரியும். அதில் குவாசர்களைத் தேட வேண்டும். கற்பனைக்கு எட்டாத தொலைவில் இருந்துகொண்டு, பக்கத்து வீட்டு நட்சத்திரம்போல முகத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஒளி அது. ஒரே தகட்டில் நீல ஒளியில் ஒருமுறை, சற்றே நகர்த்திப் புற ஊதா ஒளியில் இன்னொரு முறை எடுத்திருப்பார்கள். அதனால் எல்லாமே இரட்டைப் புள்ளி. சாதாரண நட்சத்திரமென்றால் இரண்டாவது மங்கியிருக்கும். அதுவும் அழுத்தமாக இருந்தால் குவாசராக இருக்கலாம். லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்து, தயிர்சாதத்தில் கிடக்கும் கடுகைக்கூட ஜோடி சேர்க்க ஆரம்பித்திருந்தேன்.

ஒரு பொங்கலுக்கு முன்னால் அப்படியொன்று அகப்பட்டது. நானே கண்டுபிடித்த முதல் ஜோடி. இடத்தை அளந்து குறிப்பதற்குள் லீவு வந்துவிட்டது. தகட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது. பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பில், லீவில் அளந்துவிடலாமென்று புடவையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள், போகிக்கு வீடு கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் கண்ணில் அது பட்டிருக்கிறது.

"ஒரே கரிடி அந்தக் கண்ணாடில. சுடுதண்ணில சோப்புத்தூளப் போட்டு நாரால தேச்சேன் பாரு, என்னா பளபளப்பு!"

படம் பதிந்திருந்த பூச்சு முழுக்கச் சாக்கடையில் போயிருந்தது. வேர்வை வழிய, பெருமையாக நிற்கிறவளை என்ன சொல்வது? "ரொம்ப சுத்தமா இருக்கும்மா" என்றேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தகடு பஸ்ஸில் உடைந்துவிட்டதாக ஆய்வுக்கூடத் தலைவரிடம் பொய் சொன்னேன். "சரிம்மா, அடுத்த வருஷம் வானத்துல அந்தப் பக்கத்த மறுபடி எடுப்போம்" என்றார். எடுக்கவில்லை. அதற்குள் தகடு வருவதே நின்றுவிட்டது. அப்புறம் கம்ப்யூட்டரே வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது. இன்று அந்த மேசையும் இல்லை, லென்ஸும் இல்லை, அப்படியொரு வேலையும் இல்லை. எத்தனையோ குவாசர்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். என்னுடையது அதில் இருக்கிறதா என்று அறிய எனக்கு வழியில்லை.

அம்மா இப்போது மூக்குக்கண்ணாடியை என்னிடம் நீட்டுகிறாள்.

"நீ ஒரு தடவ ஒரு கண்ணாடி கொண்டாந்தியே, ஞாபகம் இருக்கா? அதுல எவ்ளோ கரி! நான் தேச்சதும் எல்லாம் போயிடுச்சுல்ல. இத நீ ஒருவாட்டி நல்லா தொடச்சுக் குடுடி."

வாங்கித் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.